சுத்தமாகு, நோய் நீங்குக: ஒரே வசனம், இரண்டு தமிழ்

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள்கள் உண்டு. ஒன்று பாட்டியின் பழைய வேதாகமம், 1871இல் வந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு. இன்னொன்று 1995இல் வந்த திருவிவிலியம். கல்யாணத்தில் இரண்டு சபைகள் கலந்த குடும்பம் என்பதால் இரண்டுக்கும் இடம் உண்டு. ஒரே கதையை இரண்டிலும் அடுத்தடுத்துப் படித்தால், வேறு வேறு ஆட்களைப் பற்றிப் படிப்பது போலிருக்கும்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கடைசி ஆறு வசனங்களை எடுத்துக்கொள்வோம். பழையதில் இப்படி: “குஷ்டரோகி ஒருவன் அவரிடத்தில் வந்து... உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்.” அதற்கு இயேசு, “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு.” புதியதில்: “தொழுநோயாளர் ஒருவர்... நீர் விரும்பினால் எனது நோயை நீக்க உம்மால் முடியும்.” பதில்: “நான் விரும்புகிறேன், உமது நோய் நீங்குக!”

காதுக்குப் பழையதுதான் ஜெயிக்கிறது. சித்தம், சுத்தம்: எதுகை கச்சிதமாக விழுகிறது. கிரேக்க மூலத்தில் கேட்பவனின் சொற்களையே பதில் சொல்பவரும் திருப்பிச் சொல்கிறார். அந்த எதிரொலியை இரண்டு தமிழும் காப்பாற்றிவிட்டன. ஆனால் அந்த எதுகை மூலத்திலேயே கிடையாது, தமிழ் தன் பங்குக்குப் போட்டது. பாட்டிக்கு இந்த வசனம் கடைசிவரை மனப்பாடமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மரியாதை என்று பார்த்தால் புதியது முன்னே நிற்கிறது. ‘ஒருவன்’ ‘ஒருவர்’ ஆகிறான், ‘சுத்தமாகு’ என்ற ஏவல் ‘உமது’ என்ற மதிப்பாகிறது. கிரேக்கத்தில் நீ, நீர் என்ற வித்தியாசமே இல்லை. அதனால் தமிழில் மொழிபெயர்ப்பவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். ஊரே ஒதுக்கிய ஒருவரிடம் இயேசு எப்படிப் பேசியிருப்பார் என்று ஒரு விகுதியில் தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது. 1871இன் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ‘குஷ்டரோகி’ என்பதும் ஆளை மறைத்து நோயை மட்டும் காட்டும் சொல். தெருவில் வசவாகவும் புழங்கிய சொல்லை இன்று வாசகப் பீடத்தில் நின்று படிக்க நாக்கு கூசுகிறது.

ஆனால் வினைச்சொல்லுக்கு வரும்போது நான் பழையதன் பக்கம் போய்விடுகிறேன். கிரேக்க வினை ‘தூய்மையாக்கு’ என்பதுதான். குணமாக்க வேறு சொற்கள் இருந்தும் மாற்கு இதை எழுதுகிறார். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் இந்த நோய் கண்டவர், “தீட்டு, தீட்டு” என்று கத்திக்கொண்டு பாளையத்துக்கு வெளியே இருக்கவேண்டும். இரண்டு தமிழ்ப் பைபிள்களிலும் அங்கே ‘தீட்டு’தான். நமக்கு விளக்கம் வேண்டாத சொல். அதே சட்டம் துணியிலும் வீட்டுச் சுவரிலும் இதே நோயைப் பற்றிப் பேசுகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி வேறு, இந்த நோய்க்குப் பைபிளில் வரும் எபிரேயச் சொல் குறிக்கும் தோல்கேடு, பூஞ்சைக் கறை எல்லாம் வேறு.

சரி, அப்படியானால் இயேசு கையை நீட்டித் தொட்டது எதை? ‘நோய் நீங்குக’ என்றால் அது வைத்தியரின் கை. ‘சுத்தமாகு’ என்றால் தீட்டுப்பட்டவனைத் தொட்ட கை. தொட்டவருக்கும் தீட்டு ஒட்டும் என்பது விதி. கதையின் நடுநரம்பே அதுதான். அதைத் திருவிவிலியம் நல்ல எண்ணத்தில் மழுக்கிவிட்டது. ‘உமது தீட்டு நீங்குக’ என்று யாராவது எழுதியிருந்தால் தமிழ் வாசகருக்குச் சுரீர் என்று பட்டிருக்கும். எழுதத் துணிவு வேண்டும்.

மற்ற மொழிகளும் இதே முள்ளில் சிக்கியிருக்கின்றன. ஜப்பானில் தொழுநோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த சட்டம் 1996இல் ரத்தானது. மறு வருடமே அங்கே பரவலாகப் படிக்கப்பட்ட பைபிளில் பழைய சொல்லை எடுத்துவிட்டு ‘கடுமையான தோல்நோய்’ என்று போட்டார்கள். இன்னொரு பதிப்பு எபிரேயச் சொல்லையே ‘ட்சாராத்து’ என்று ஒலிபெயர்த்து வைத்தது. 2018இல் வந்த புதிய மொழிபெயர்ப்பு ‘விதிக்கப்பட்ட நோய்’ என்கிறது, அதாவது சட்டம் வரையறுத்த நோய். மூன்றில் இதுதான் கெட்டிக்காரத்தனம்: யாரையும் புண்படுத்தாமல், விஷயம் உடம்பில் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது என்று காட்டிவிடுகிறது. என்ன, படித்த உடனே புரியாது.

அப்புறம், இயேசு கையை நீட்டுவதற்கு முன் பழையதில் வரும் அந்த ‘மனதுருகி’. புதியதில் ‘பரிவுகொண்டு’. கிரேக்கச் சொல்லின் வேர் குடல், உள்ளுறுப்பு. நாம் ஈரக்குலை நடுங்கியது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று சொல்கிற அதே இடம். ‘பரிவு’ அலுவலகக் கடிதம் போல இருக்கிறது. ‘உருகி’யில் கொஞ்சம் உடம்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருக்கும் பெசா என்ற பழைய நற்செய்திக் கையெழுத்துப்படியிலோ இந்த இடத்தில் ‘கோபங்கொண்டு’ என்றே இருக்கிறது. என்.ஐ.வி. என்ற ஆங்கில பைபிளின் 2011 பதிப்பு அதைத்தான் பின்பற்றியது. தமிழில் இரண்டுமே அந்தப் பக்கம் போகவில்லை. கோபம்தான் மூலம் என்று வாதிடுபவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது: பிரதி எடுப்பவன் கோபத்தைப் பரிவாக மாற்றுவான், பரிவைக் கோபமாக எதற்கு மாற்றப்போகிறான்?

பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்த மார்ட்டின் லூத்தர் இந்த ஆளுக்குப் போட்ட பெயர், ‘வெளியே விடப்பட்டவர்’ என்று பொருள்படும் சொல். கிருமியும் இல்லை, தோலும் இல்லை. ஊர் அவரை என்ன செய்தது என்பது மட்டும். இதைப் படித்தபிறகு கடைசி வசனத்துக்குப் போனேன். குணமான மனிதர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அதனால் இயேசுவால் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியவில்லை. எங்கே தங்கினார்? பழையது “வெளியே வனாந்தரமான இடங்களில்” என்கிறது. புதியதும் தனிமையான இடங்கள் என்று மாற்றினாலும் முன்னால் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது: வெளியே.