200 காலன் பாலித்தீன் டேங்கி: பினாங்கு வரிசை வீட்டுக்குப் போதுமா?

டேங்கியின் வயிற்றில் ஒட்டியிருக்கும் '200 காலன்' என்பது சுமார் 909 லிட்டர். அதில் அடியில் நிற்கும் 40 லிட்டர் கைக்கு வராது. குறுக்களவு ஒரு மீட்டர், வெளிக்குழாய் இருப்பதோ அடித்தட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே. ஐந்து பேர் வழக்கம்போல் புழங்கினால் ஒரு நாளைத் தாண்டாது. ஆளுக்கு 50 லிட்டர் என்று இறுக்கிப் பிடித்தால் மூன்றரை நாள்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச்சுத்திகரிப்பு ஆலையில் வால்வு மாற்ற அறிவித்த தண்ணீர்த் தடை நாலு நாள்! பினாங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாநிலத்துக் குழாய்நீரில் பெரும்பங்கு கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றுத் தண்ணீர். அது சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலடிக் குழாயில் தீவுக்கு வரவேண்டும். தடை முடிந்து தண்ணீர் திரும்பும்போதும் பள்ளத்து வீட்டுக்கு முதலில், மேட்டு வீட்டுக்கும் கடைக்கோடிக்கும் கடைசியில்.

அதனால் இதைக் கூரையில் ஏற்றாதீர்கள். ஏழு மீட்டர் ஏற 0.7 பார் அழுத்தம் வேண்டும்; தண்ணீர் திரும்பும்போது அவ்வளவு இல்லாமல் போகலாம். தரையில் இருந்தால் நூல்போல ஒழுகும் தண்ணீரிலும் ராத்திரிக்குள் ஓரளவு சேரும். அங்கிருந்து மேலே ஏற்ற அரைக் குதிரைசக்தி பம்பு தாராளம். பம்பைத் தண்ணீர் மீட்டர் குழாயில் நேராகப் பூட்டுவது சட்டப்படி தப்பு, பக்கத்து வீட்டு அழுத்தத்தையும் உறிஞ்சிவிடும்.

டேங்கி மூன்று அடுக்கு. உள்ளே கறுப்பு அடுக்கு வெளிச்சத்தை மறைப்பதால் பாசி பிடிப்பதில்லை. கடலோரத்தில் எவர்சில்வரைவிட இதுவே மேல்: உப்புக்காற்று பற்றவைப்பு ஓரங்களை அரிக்கும். ஆனால் நிறைந்தால் எடை கிட்டத்தட்ட ஒரு டன் ஆகிவிடும். இடைவெளி விட்ட இரும்புச் சட்டத்தில் வைத்தால் அடித்தட்டு தொய்ந்து, வெளிக்குழாய் இணைப்பு பிளக்கும். சமமான கான்கிரீட் மேடைதான் சரி.

குறை, டேங்கி நிறைந்ததும் தண்ணீரை அடைக்க கூடவே வரும் மிதவை வால்வு. தடை முடிந்து முதலில் வரும் கலங்கல் நீரில் மணல் சிக்கினால் வால்வு முழுக்க அடைக்காது. உபரிக்குழாயில் ராப்பகலாகச் சொட்டி பில் ஏறும். தடைக்கு முன்பே உள்வழி வால்வை மூடிவிட்டு, தண்ணீர் வந்ததும் வாசல் குழாயைத் தெளியும்வரை திறந்துவிட்டு, அப்புறம் உள்வழி வால்வைத் திறக்கவேண்டும். ஸ்பான் (மலேசியத் தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரமுள்ள பித்தளை வால்வாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

உபரிக்குழாய்க்கு வலை தரவில்லை. ஏடிஸ் கொசு உள்ள ஊரில் இதை மன்னிக்க முடியாது. மெல்லிய வலையை வாங்கி, வாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள்.