1 குதிரைவலு சோலார் இறைப்புப் பம்ப்: வன்னிக் கிணறுகளுக்குச் சரிவருமா?

மண்ணெண்ணெய் மெசினை ஒதுக்கிவிட்டு நம்பி வாங்கக்கூடிய பொருள்தான். ஆனால் கிணற்றை அளக்காமல் வாங்கினால் ஆவணியில் பயிர் வாடும்.

தரையில் வைக்கும் வகை வேண்டாம். நடைமுறையில் 7 மீற்றருக்குக் கீழிருந்து அது தண்ணீரை இழுக்காது. சிறுபோகக் கடைசியில் நீர்மட்டம் அதற்கும் கீழே இறங்கும் கிணறென்றால் உள்ளே இறக்கும் மோட்டரே சரி. 1 குதிரைவலு என்பது சுமார் 750 வாற். ஆனால் 750 வாற் மோட்டருக்கு 750 வாற் பனல் போதாது. வெக்கை, தூசி, சாய்ந்த வெயில் மூன்றும் வலுவைக் குறைக்கும். 330 வாற் பனல் நான்கைத் தொடராகப் பூட்டுங்கள். நான்கின் திறந்தசுற்று வோல்ற்றையும் (ஒன்றும் பூட்டாதபோது பனல் தரும் வோல்ற்று) கூட்டினால் வரும் தொகை, பனல் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி கொடுக்கும் பெட்டியான கொன்ட்ரோலரின் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கொன்ட்ரோலர் எரியும். தெற்குப் பார்த்து, 10 பாகை சாய்வு போதும். ஒரு பனலில் பனைநிழல் விழுந்தாலும் முழுத் தொடரும் தளரும். கிறவல் றோட்டுப் பக்கமென்றால் கிழமைக்கொருமுறை, வெயில் ஏறமுன் கழுவவேண்டும்.

தண்ணீர் ஏறவேண்டிய மொத்த உயரம் 15 மீற்றரென்றால் உச்சிவெயிலில் மணிக்குச் சுமார் 8,000 லீற்றர் வரும். இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மெசினின் வேகம் இதில் இல்லை. வாய்க்காலில் விட்டால் கடைசிப் பாத்திக்குப் போகமுன் மண் குடித்துவிடும். ‘பம்ப் சரியில்லை’ என்ற முறைப்பாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. தொட்டியில் நிரப்பி ஓசாலோ சொட்டுநீர்க் குழாயாலோ விடுங்கள். மிளகாய்க்கும் கச்சானுக்கும் தாராளமாகக் காணும். ஊற்றுக் குறைந்த கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டரை நிறுத்தும் நீர்மட்ட உணரி கட்டாயம். வறண்டு ஓடினால் மோட்டர் கருகும்.

‘எண்ணெய்ப் புகையைக் குறைத்ததற்குக் கார்பன் காசு வரும்’ என்று யாராவது சொல்லி விற்றால் அதை விலையில் கழித்துக் கணக்குப் போடாதீர்கள். காலநிலை மாற்றம் பற்றிய 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை அப்படியொரு வியாபாரத்துக்கு இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் குறைத்த அளவை அளந்து, சரிபார்த்து, பதிய வேண்டும். ஒற்றைப் பம்புக்கு அந்தச் செலவே கட்டாது. பெருந்தொகைப் பம்புகளை ஒரே திட்டமாகச் சேர்த்தால்தான் சாத்தியம்.

உண்மையான இலாபம் மிச்சமாகும் எண்ணெயில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதை எந்தத் தோட்டக்காரரும் மறக்கவில்லை. ஒரு லீற்றர் எரிந்தால் சுமார் 2.5 கிலோ காபனீரொட்சைட்டு. போகத்துக்கு 200 லீற்றர் எரிக்கும் தோட்டத்தில் அரைத் தொன் மிச்சம். பச்சைவீட்டு வாயுக்களை, ஒன்றும் செய்யாவிட்டால் வரக்கூடிய அளவிலிருந்து, 2030க்குள் 14.5 வீதம் குறைப்பதாக இலங்கை 2021இல் வாக்களித்தது. அதில் 4 வீதம் சொந்த முயற்சி, 10.5 வெளியுதவியைப் பொறுத்தது. அந்த உதவி சிறு தோட்டக்காரரின் பனலுக்கு வந்துசேர வேண்டும்.

வாங்கும்போது கொன்ட்ரோலருக்குத் தனி உத்தரவாதம் எழுத்தில் கேளுங்கள். பனலுக்கு முன்னம் பழுதாவது அதுதான்.