வெளிநாட்டுப் பதிவு மன்றத்தின் மீது வழக்குத் தொடுக்கலாமா? ஒரு சட்ட ஆய்வுச் சேவை பற்றிய மதிப்புரை

வழக்கறிஞர்களுக்கு ஆய்வுக் குறிப்பு எழுதித் தரும் இணையச் சேவை ஒன்றுக்கு, என் கட்சிக்காரரான செவிலியர் ஒருவருக்காக ஒரு கேள்வியை அனுப்பியிருந்தேன். அவர் முன்பு பணியாற்றிய நாட்டின் செவிலியர் பதிவு மன்றம், ஒழுங்கு விசாரணைக்குப் பின் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, காரணங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. அதைக் கண்டு, இப்போது அவர் வேலை பார்த்த இடத்தின் நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. அந்த மன்றத்தின் மீது வேறொரு நாட்டில் அவதூறு வழக்குத் தொடுத்தால் நிற்குமா, அல்லது மன்றம், ஓர் அரசை வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் பொதுவாக வழக்குக்கு இழுக்க முடியாது என்னும் இறையாண்மை விலக்குரிமையைக் காட்டித் தொடக்கத்திலேயே விடுபட்டுவிடுமா என்பதே கேள்வி. வந்த குறிப்பில் குறைகள் உண்டு. ஆனாலும் கொடுத்த கட்டணத்துக்குத் தகுந்த வேலை.

இந்தக் குறிப்பின் பலம், மன்றம் அரசின் பகுதியா என்பதையும், அது செய்த செயல் எத்தகையது என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்ததில் இருக்கிறது. பிரிட்டனின் 1978ஆம் ஆண்டு அரசு விலக்குரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, அரசிலிருந்து வேறுபட்ட தனி அமைப்புக்குப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. வழக்குக்குக் காரணமான செயலை இறையாண்மை அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்திருந்தால்தான், அதுவும் அரசுக்கே விலக்குரிமை கிடைக்கக்கூடிய சூழலில்தான், கிடைக்கும். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டு வெளிநாட்டு இறையாண்மை விலக்குரிமைச் சட்டத்தில் நிலைமை வேறு. அங்கே மன்றம் வெளிநாட்டு அரசின் ஓர் உறுப்பு என்று ஏற்கப்பட்டுவிட்டால், விலக்குரிமை இருப்பதாகவே தொடங்கி, ஏதேனும் ஒரு விதிவிலக்கை வாதிதான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் மன்றம் எப்படி அரசாகும் என்று கட்சிக்காரர்கள் கேட்பது வழக்கம். மன்றம் எதற்காக உருவாக்கப்பட்டது, அரசு அதை எவ்வளவு மேற்பார்வையிடுகிறது, அந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் அதிகாரம் சட்டப்படி அதற்கு மட்டுமே உரியதா என்பனவற்றையும் நீதிமன்றங்கள் சேர்த்தே பார்க்கின்றன என்று குறிப்பு தெளிவாக விடை சொல்கிறது.

நான் மிகவும் மதித்த பகுதி டச்சு மத்திய வங்கி வழக்கைப் பற்றியது. நாணய மாற்றுத் தொழிலுக்கான பதிவை மறுத்து அந்த வங்கி எழுதிய கடிதம் தங்களை அவதூறு செய்கிறது என்று இங்கிலாந்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், கடிதம் எழுதியதே ஒழுங்குமுறை அதிகாரத்தின் ஒரு பகுதி என்று கொண்டு, வங்கிக்கு விலக்குரிமை உண்டு என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் உறுதி செய்தது. பதிவை மறுப்பதும் பதிவை நீக்குவதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள் என்பதால், எங்கள் வழக்குக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் கிடைப்பது கடினம். தொழில் செய்யும் உரிமையைப் பறித்து, அந்த முடிவைச் சட்டத்தின் ஆணைப்படி வெளியிடுவது தனியார் ஒருவரால் முடியாத செயல். மன்றம் ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது என்பதால் மட்டும் அது விலக்குரிமை கிடைக்காத வணிகச் செயலாகிவிடாது. அதே மன்றம் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு வாடகை தராமல் இருந்தால் கதை வேறு.

அடுத்த அடியும் துல்லியமாக விழுந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் தீங்கியல் (ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கோரும்) வழக்குகளுக்கான விதிவிலக்கு, அவதூறையும் ஒப்பந்த உரிமைகளில் குறுக்கிடுவதையும் பெயர் சொல்லியே ஒதுக்கிவைக்கிறது. பிரிட்டன் சட்டத்தின் அதுபோன்ற விதிவிலக்கோ மரணம், உடற்காயம், பொருட்சேதம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அரசுகளின் விலக்குரிமை பற்றி 2004இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையும், இன்னும் நடைமுறைக்கு வராவிட்டாலும், இதே போக்கில்தான் செல்கிறது. பெயர் கெட்டு வேலை இழந்தவருக்கு இது ஆறுதல் தரும் செய்தி அல்ல. ஆனால் வழக்குச் செலவில் சேமிப்பைத் தொலைப்பதற்கு முன் அவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி.

இனி குறைகள். விசாரணைக் குழு உறுப்பினர்களைத் தனித்தனியாக வழக்கில் சேர்க்கலாமா என்று நான் வெளிப்படையாகவே கேட்டிருந்தும், 1976ஆம் ஆண்டுச் சட்டம் தனி அதிகாரிகளின் விலக்குரிமையை ஆளவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டார்கள். அப்படியானால் நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்ட வழியில் அவர்களுக்குப் பாதுகாப்பு எவ்வளவு என்ற அடுத்த கேள்வி தொடப்படவே இல்லை. அழைப்பாணையை வெளிநாட்டில் எப்படிச் சேர்ப்பிப்பது என்பதும் மேலோட்டமாகவே இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய குறை வரிசையில் இருக்கிறது. மன்றத்தின் முடிவை அந்த நாட்டிலேயே மேல்முறையீடு செய்யும் வழியும் அதற்கான காலக்கெடுவும் கடைசிப் பக்கத்தில் வருகின்றன. பிரிட்டனில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்தக் கெடு 28 நாள்தான். விலக்குரிமை பற்றிய வாதங்களைப் படித்து முடித்து, கட்சிக்காரரோடு பேசி முடிப்பதற்குள் அந்த நாள்கள் ஓடிவிடும். வேறு வழி அடைபட்டிருக்கும்போது திறந்திருக்கும் ஒரே கதவை முதல் பக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். இதை அவர்களுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

இந்தச் சேவையை நாடும் வழக்கறிஞர்கள், மன்றத்தை உருவாக்கிய சட்டத்தின் நகலையும் முடிவு தரப்பட்ட தேதியையும் கேள்வியோடு இணைத்து அனுப்பி, மேல்முறையீட்டுக் கெடுவுக்கு மட்டும் உடனடியாகத் தனிப் பதில் கேட்பது நல்லது.