கோத்தகிரி ‘பால் சிஸ்டர்’: ஏன் ஆறு தடவை வர வேண்டும்?

குழந்தை பிறந்த ஏழாம் நாள் காலையில் என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: பிறந்த எடை 2.900 கிலோ. மூன்றாம் நாள் 2.720. ஆறாம் நாள் 2.610. நேற்று முழுவதும் நனைந்த துணி மூன்றே மூன்று.

அரவேணு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து வரவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். எடை குறைந்தால் அது எங்கே போயிற்று என்று தேடாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் மகளிடம் குறைந்திருந்த 290 கிராமைத் தேடித்தான் அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்தோம்.

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலூட்ட முடியாமல் தவிக்கிற தாய்மார்களின் வீட்டுக்கே வந்து உதவுகிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோத்தகிரியில் பலரும் அவரைப் ‘பால் சிஸ்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வருகைக்கு 400 ரூபாய், ஆட்டோ செலவு தனி. ஆறு தடவைக்குச் சம்மதித்தால்தான் வருவார். “ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள், பிறகு யோசிக்கிறோம்” என்று என் கணவர் போனில் கேட்டதற்கு, “ஒருமுறைக்கு என்றால் நான் வந்து பயனில்லை, தம்பி” என்று சொல்லிவிட்டார். அன்று அது எனக்குப் பிடிவாதமாகப் பட்டது.

எனக்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம். முதல் இரவே “உனக்குப் பால் ஊறவில்லை” என்று சொல்லிக் குழந்தைக்குப் புட்டியில் பவுடர் பால் புகட்டினார்கள். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிறந்த குழந்தைக்கு அந்தச் சொட்டுகள் போதும், பால் நிறைந்து சுரக்க இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம் என்றால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். இதில் ஒன்றையாவது அந்த இரவில் யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். எதிர்ச் சுவரில் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்தபடி படுத்திருந்தேன்.

சிஸ்டர் வந்த அன்று கார்த்திகை மூடுபனி. பகல் பதினொரு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் உடுப்பைப் பார்த்தார். ஃபிளானல் சட்டை இரண்டு, அதன்மேல் ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளி. மலையில் பிறக்கும் பிள்ளைகளை நாங்கள் இப்படித்தான் மூட்டை கட்டி வைப்போம். அடுப்பருகே தன் கைகளைச் சூடாக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். என் அத்தை பதறிப்போனார்.

“பிள்ளைக்குக் குளிராதா, சிஸ்டர்?”

“குளிராது, அம்மா. இந்த வீட்டிலேயே சூடான இடம் உங்கள் மருமகளின் நெஞ்சுதான். அங்கேதான் வைக்கப் போகிறேன்.”

இடுப்புத் துணியோடு மட்டும் குழந்தையை என் வெற்று மார்பின்மேல் குப்புறப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்து ஒரே கம்பளியால் மூடினார். ஏழு நாளும் தூங்கித் தூங்கி வழிந்த குழந்தை கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கித் தூக்கி முட்ட ஆரம்பித்தாள். கையுறை இல்லாத அவளுடைய விரல்களை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். அந்த விரல்களால் என்னைப் பிசைந்து பிசைந்து அவளே இடம் தேடினாள். அளவுக்கு மீறிய கதகதப்பில் குழந்தை உறங்கிவிடும், பசியைச் சொல்ல அதற்குக் கையும் வேண்டும் என்றார் சிஸ்டர்.

மருத்துவமனையில் மார்பைப் பிடித்து அழுத்திக் குழந்தையின் தலையைத் தள்ளுவார்கள். இவர் என்னைத் தொடவே இல்லை. தையல் அழுந்தாமல் இருக்கக் குழந்தையின் உடலைக் கக்கத்துக்கடியில் கிடத்தச் சொன்னார். மூக்குக்கு நேரே காம்பு, வாய் கொட்டாவி அளவுக்குத் திறக்கும்வரை பொறுமை, பிறகு மோவாய் முதலில் பட வேண்டும். மூன்று அடையாளம் பார்க்கச் சொன்னார்: மோவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரிய வேண்டும். மூன்றாம் முயற்சியில் சரியாக அமைந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த வலி இல்லை. குழந்தை விழுங்கும் சத்தம் அத்தைக்கும் கேட்டது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். எடை பத்து சதவீதம் இறங்கியிருப்பதால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். போனோம். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒவ்வொரு முறை பாலூட்டிய பிறகும் கையாலேயே பீய்ச்சி எடுத்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார் சிஸ்டர். பம்ப் வாங்கச் சொல்லவில்லை. புட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்றார்.

இரண்டாம் வருகை ஒன்பதாம் நாள். எடை 2.660. முதல் நாள் கற்றதில் பாதியை அதற்குள் மறந்திருந்தேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு, அழுகிற குழந்தையோடு, சொல்லிக்கொடுத்தது எதுவும் நினைவுக்கு வராது. சிஸ்டர் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் வருகையின்போது இடப்பக்கம் பால் கட்டிக்கொண்டு கல்லாக இருந்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. இனி முடியாது, பவுடர் வாங்கி வாருங்கள் என்று முந்தின இரவுதான் கணவரிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதே என்றார் சிஸ்டர். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணி போடச் சொன்னார். காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றால் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அன்று எடை 2.790. அந்த மூன்றாம் வருகை இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்தான். பதினேழாம் நாள் 2.920. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அத்தையிடம் நடந்துகொண்ட விதம். என் அம்மா இல்லை. பிரசவம் பார்த்துக்கொண்டது அத்தைதான். பத்து வயதில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி, பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். குழந்தைகள் காப்பகத்தை இன்றும் ‘பிள்ளைக் காம்பரா’ என்றுதான் சொல்வார். எத்தனை பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்கள், மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கி வருவீர்கள், கூடையை யாரிடம் விடுவீர்கள் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அதன் பிறகு எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அத்தைக்குத்தான் சொன்னார். அத்தை செய்த பூண்டுக் குழம்பையும் பால்சுறாப் புட்டையும் வேண்டாமென்று சொல்லவில்லை. “தாராளமாகச் சாப்பிடட்டும், உடம்பு தேறும். ஆனால் பாலைச் சுரக்கவைப்பது பிள்ளையின் வாய்தான், அம்மா” என்றார். தேன், சர்க்கரைத் தண்ணீர் இரண்டையும் மட்டும் உறுதியாகத் தடுத்தார். ஏழாம் நாளுக்கும் நாற்பத்திரண்டாம் நாளுக்கும் நடுவே முப்பத்தைந்து இரவுகள். அத்தனை இரவும் என் முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, மோவாய் பதிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தவர் அத்தை.

ஏன் ஆறு என்று ஒருநாள் கேட்டேன். அரசின் பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு வருகை என்று இருக்கிறதாம். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம் என்றார். எனக்கு அது போதவில்லை. இரவில் பால் கொடுத்தபடியே போனில் தேடிப் படித்தேன். மெக்சிகோ நகரத்தின் விளிம்பில் இருந்த ஒரு குடியிருப்பில் செய்த ஆய்வு, 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் ஆறு தடவை வீட்டுக்கு வந்துபோன தாய்மார்களில் 67 சதவீதம் பேர் மூன்றாம் மாதத்திலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தார்கள். மூன்று தடவை வந்த வீடுகளில் 50 சதவீதம். யாருமே வராத வீடுகளில் 12. டாக்காவில் நடந்து 2000இல் அதே இதழில் வெளியான ஆய்வில் பதினைந்து வருகைகள். ஐந்தாம் மாதத்தில் 70 சதவீதம், யாரும் வராத பக்கம் வெறும் 6. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2022இல் வந்தது. நான்கு முதல் எட்டு முறை கிடைக்கும் உதவியில் பலன் கூடுதலாகத் தெரிகிறது என்கிறது. எனக்கு எண்கள் பொய் சொல்லாது. 12க்கும் 67க்கும் நடுவே இருப்பது கதவைத் தட்டி உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு பெண்.

பாலூட்ட உதவும் குழுக்களை உருவாக்கி, வீட்டுக்குப் போகிற தாயை அவற்றிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்று, தாய்ப்பாலூட்டலுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989லேயே எழுதிய பத்துப் படிகளில் பத்தாவது படி சொல்கிறது. மருத்துவமனையில் என் கையில் கொடுத்து அனுப்பியது தையல் பிரிக்க வரவேண்டிய தேதிச் சீட்டு மட்டும்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வரமாட்டார். இருட்டினால் சாலையில் காட்டெருமையும் கரடியும் நடமாடுவதால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் பால் கட்டுவதும் பயம் பிடிப்பதும் இரவில்தான். அவர் தரும் கைப்பிரதி முழுக்க எழுத்து. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, படங்கள் இருந்திருக்கலாம். எல்லாவற்றிலும் பெரியது பணம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள். எனக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு, அவளுக்கு ஒரு நாளும் இல்லை. இந்த 400 ரூபாய் அவளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. மூன்றாம் மாதமே கொழுந்து பறிக்கத் திரும்பிவிட்டாள், அவள் பிள்ளை புட்டியில் குடிக்கிறது. அவள் வீட்டுக்கு ஆறு தடவை யாராவது போயிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அது சிஸ்டர்மேல் உள்ள வருத்தமல்ல.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். கூப்பிடுகிறவர்கள் என்னைப்போல எடை இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். எட்டாம் மாதமே சொல்லிவைத்தால் மூன்றாம் நாளே வந்துவிடுவார். எண்ணைத் தேட வேண்டாம், டானிங்டன் ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதன் பிறகு அவர் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்.

நாற்பத்திரண்டாம் நாள் எடை 3.700. அதை நோட்டில் எழுதச் சொல்லி என் பக்கத்திலேயே நின்றார் அத்தை.