வைஸ் சிட்டி, பிளெய்ன் கவுன்ட்டி, லியோனிடா: எந்த ஊரில் பிழைப்பு இருக்கிறது?

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேம் வரிசையின் ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19 அன்று வருவதாக அறிவித்திருக்கிறார்கள். வரைபடம் எத்தனை மடங்கு பெரிது என்பதிலேயே பலருடைய பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் அக்கறை இல்லை. ஒரு கற்பனை ஊரை நான் நம்ப வேண்டுமானால், அங்கே இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

இதே வரிசையில் 2002இல் வந்த வைஸ் சிட்டி, 1986ஆம் ஆண்டு மயாமியின் சாயல். இரண்டு பெரிய நிலத்துண்டுகள், நடுவே பாலங்கள், அவ்வளவுதான். நாம் ஆட்டுவிக்கும் நாயகன் டாமி வெர்செட்டிக்கு நீச்சலும் தெரியாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி விளையாடிய காலத்தில், என் நேரத்தில் பாதியை அந்தக் கடலே விழுங்கியது. ஆனாலும் அந்தச் சின்ன ஊரில் தொழில் இருந்தது. ஐஸ்கிரீம் கம்பெனியை விலைக்கு வாங்கலாம். வண்டியை ஓரங்கட்டி மெட்டைப் போட்டால் ஆட்கள் தேடி வருவார்கள். அவர்கள் வாங்கிப் போவது ஐஸ்கிரீம் அல்ல. விற்க விற்கப் போலீஸும் நெருங்கும். அச்சகத்தை வாங்கினால் கள்ளநோட்டு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பின்கட்டு உண்டு.

2013இல் வந்த ஐந்தாம் பாகத்தின் லாஸ் சான்டோஸ், நகரம் என்ற அளவில் இன்றும் அசர வைக்கிறது. சிக்கல் நகரத்தைத் தாண்டினால்தான். நகரத்துக்கு வெளியே விரியும் நாட்டுப்புறம்தான் பிளெய்ன் கவுன்ட்டி. அதிலுள்ள அலமோ ஏரிக்கு மூலம் கலிபோர்னியாவின் சால்ட்டன் ஏரி. 1905இல் கொலராடோ ஆற்றுநீர் கால்வாயை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் நிரம்பி உண்டானது. பின்னாளில் உல்லாசத் தலமாகிப் பாழ்பட்டுப்போன அந்த இடத்தின் உப்பும் புழுதியும் அலமோ ஏரிக்கரை ஊரான சாண்டி ஷோர்ஸில் அப்படியே இருக்கின்றன. பிழைப்பு மட்டும் மெலிந்து கிடக்கிறது. வடக்கே பெரிய இடத்தைச் சிலியட் மலை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஏறினேன், பாராசூட்டில் குதித்தேன், பிறகு நகரத்துக்கே காரைத் திருப்பினேன்.

ஆறாம் பாகத்தின் களமான லியோனிடா இன்னும் நம் கைக்கு வரவில்லை; இரண்டு முன்னோட்டங்களும் விளையாட்டைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் எழுதிய பகுதிக் குறிப்புகளுமே சாட்சி. ஃபுளோரிடாவை உருமாற்றிய இந்த மாநிலத்தில் வைஸ் சிட்டி ஆறு பகுதிகளில் ஒன்றுதான். தீவுக்கூட்டமும் முதலைச் சதுப்பும் எதிர்பார்த்தவையே. என் கண் நின்றது அம்ப்ரோசியா என்ற பகுதியில். அங்கே சர்க்கரை ஆலை வேலை கொடுக்கிறதாம். மற்றதை எல்லாம் உள்ளூர் பைக் கும்பல் கொடுக்கிறதாம். நிஜ ஃபுளோரிடாவில் ஓக்கிசோபீ ஏரியின் தென்கரையில் கரும்பை நம்பி நிற்கும் கிளூயிஸ்டன் நினைவுக்கு வருகிறது. இன்னொரு பகுதியான போர்ட் கெல்ஹார்னிலோ மலிவு விடுதிகளும் மூடிக்கிடக்கும் கேளிக்கை இடங்களும். சுற்றுலா படுத்தபின் மதுவிலும் வலி மாத்திரையிலும் ஓடும் ஊர். பிளெய்ன் கவுன்ட்டியில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். காகிதத்தில் லியோனிடாவுக்கே என் ஓட்டு.

ஓர் உறுத்தல் உண்டு. ஃபுளோரிடாவின் மிக உயர்ந்த இடமே 105 மீட்டர்தான். அமெரிக்க மாநிலங்களின் உச்சிகளில் மிகத் தாழ்ந்தது அது. அப்படியிருக்க, லியோனிடாவின் வடக்கு எல்லையில் கலாகா என்றொரு மலையை எழுப்பியிருக்கிறார்கள். வேட்டை, மீன்பிடிப்பு, கரடுமுரடான பாதைகள் என்கிறார்கள். சிலியட்டின் தம்பியோ என்று பயமாக இருக்கிறது.

எப்படியும் நான் முதலில் போவது அம்ப்ரோசியாவுக்குத்தான். ஆலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஷிப்ட் முடிந்து யாராவது வெளியே வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.