வீடியோஹப் ரவுட்டருக்கு சாஃப்ட்வேர் பேனல்: எல்லாம் சரி, அந்த லாக் மட்டும்தான்…

வீடியோஹப் ரவுட்டரை இயக்கத் தனி பட்டன் பேனல் வாங்கலாமா, இருக்கிற பிசியிலேயே சாஃப்ட்வேர் பேனலாக ஓட்டிக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். 40×40 எஸ்டிஐ ரவுட்டர் (40 வீடியோ இன்புட்டில் எதையும் 40 அவுட்புட்டில் எதற்கும் அனுப்பும் பெட்டி), பேனலுக்கு கம்பானியன் என்ற பட்டன் சாஃப்ட்வேர், கைக்கு 32 பட்டன் ஸ்ட்ரீம் டெக் எக்ஸ்எல். இந்த அமைப்பு பற்றி அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது. ரவுட்டர் டிசிபி போர்ட் 9990-இல் வெறும் டெக்ஸ்ட்டாகப் பேசுகிறது. டெல்நெட் (டெக்ஸ்ட் கட்டளை அனுப்பும் எளிய கருவி) போட்டாலே லேபிள், ரவுட்டிங், லாக் (ஓர் அவுட்புட்டை மற்றவர்கள் மாற்றாமல் பூட்டுவது) எல்லாவற்றையும் வரிவரியாகக் கொட்டிவிடும். 'வீடியோ அவுட்புட் ரவுட்டிங்' என்ற தலைப்பு வரி, அடியில் '7 11', பிறகு ஒரு காலி வரி. அவ்வளவுதான், 8-ஆவது அவுட்புட்டுக்கு 12-ஆவது இன்புட் போய்விடும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று குறைத்தே எழுத வேண்டும். காலி வரியை விட்டுவிட்டால் ரவுட்டர் பேசாமல் காத்துக்கொண்டே இருக்கும். ஒரே தலைப்பின் கீழ் பத்து வரி எழுதினால் அதுவே சால்வோ, அதாவது பல மாற்றங்கள் ஒரே கட்டளையில். பழுது பார்க்க இதைவிட வசதி கேட்க முடியாது.

பட்டன் அமைக்கும்போது கவனிக்க வேண்டியது: டெஸ்டினேஷன் (அவுட்புட்), சோர்ஸ் (இன்புட்), டேக் (மாற்று என்று உறுதி செய்வது) என்று மூன்று படியாக வையுங்கள். ஒரே அழுத்தில் மாறும் பட்டன் ஏர் லைனுக்கு (ஒளிபரப்புக்குப் போகும் அவுட்புட்டுக்கு) ஆகாது. பட்டன் நிறம் ஃபீட்பேக்கிலிருந்துதான், அதாவது ரவுட்டர் திருப்பிச் சொல்லும் நிலையிலிருந்துதான் வர வேண்டும். ரவுட்டர் 'ஏசிகே' அனுப்புவது கட்டளை புரிந்தது என்பதற்கு மட்டும். மாறியதா என்பது பின்னால் வரும் ஸ்டேட்டஸில்தான் தெரியும்.

இனி எரிச்சல். லாக் யாருடையது என்பதை ரவுட்டர் ஐபி முகவரியை வைத்தே முடிவு செய்கிறது. ஆபரேட்டர் பெயரும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. நீங்கள் பூட்டியது உங்களுக்கு 'ஓ' என்று தெரியும், மற்றவர்களுக்கு 'எல்'. பேனல் பிசி டிஹெச்சிபி-யில் (ஐபி தானாக ஒதுக்கப்படும் முறை) இருந்து, ரீஸ்டார்ட் ஆனபின் ஐபியின் கடைசி எண் .21 போய் .57 வந்தால், உங்கள் லாக்கே உங்களுக்கு 'எல்'. 'எஃப்' அனுப்பி வலுக்கட்டாயமாகத் திறக்கலாம்தான். ஆனால் அதை யாரும் அனுப்பலாம் என்றால் அது என்ன பூட்டு?

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கம்பானியன் ஓடும் ஒரே பிசியிலிருந்து எம்சிஆர் (மாஸ்டர் கன்ட்ரோல் ரூம்), பிசிஆர் (புரொடக்‌ஷன் கன்ட்ரோல் ரூம்), எடிட் ரூம் மூன்றுக்கும் வெப் பட்டன் கொடுத்திருந்தால், ரவுட்டருக்கு மூன்றும் ஒரே ஐபிதான். எம்சிஆர் பூட்டியதை எடிட் ரூம் சாவகாசமாகத் திறக்கும். நேட் (பல கருவிகளை ஒரே ஐபியாகக் காட்டும் முறை) வழியாக வரும் ஓபி வேனுக்கும் (வெளிப்புற ஒளிபரப்பு வண்டி) இதே கதை. லாக் ஐகான் எரிகிறது, ஆனால் உள்ளவர்களில் யாரையும் தடுப்பதில்லை. வாட்ச்மேன் வீட்டுக்குள் வந்தவனைப் பார்த்து 'நம்மாள்தான்' என்று சொல்வது மாதிரி.

நியாயமாகச் சொன்னால், இது ஒளித்து வைத்த குறை இல்லை. புரோட்டோகால் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. சுற்றிப் போகவும் வழி உண்டு. பேனல் பிசிகளுக்கு ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி, இல்லையென்றால் டிஹெச்சிபி-யில் பிசியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ரிசர்வேஷன். எம்சிஆருக்குத் தனி கம்பானியன் பிசி. மற்ற அறைகளின் பேஜில் ஏர் டெஸ்டினேஷன் பட்டனையே வைக்காதீர்கள். லைன் மாறும்போது படம் குதித்தால் பேனலைத் திட்ட வேண்டாம். ரவுட்டருக்கு ரெஃபரன்ஸ் (பொதுவான நேர சிக்னல்) போகிறதா, சோர்ஸ்கள் அதனுடன் ஜென்லாக் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

லேபிளை டிஎஸ்எல் 3.1 (மானிட்டருக்குப் பெயர் அனுப்பும் புரோட்டோகால்) வழியாக மானிட்டர் அடியில் காட்டுவதானால் 16 எழுத்துதான், அதுவும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்). தமிழில் பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மல்டிவியூவர், ரெக்கார்டர், ஸ்டுடியோ மானிட்டர் என்றால் சாஃப்ட் பேனலுக்கு மிஞ்சியது இல்லை. இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: ஏர் லைனுக்கு பட்டன் பேனலே வாங்குங்கள். அதற்கென்று தனி ஐபி இருக்கும், லாக்கும் அந்த ஐபியிலேயே நிற்கும். பெட்டியைப் பிரித்ததும் அந்த ஐபியை ஸ்டாட்டிக் ஆக்கிவிட்டு, அதை பேனல் நெற்றியிலேயே ஒட்டி வையுங்கள்.