விதின் நகரின் பள்ளிப் பேருந்து: ஒரு மதிப்பீடு

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது விதின். ஊரின் ஓரத்தில் நோவ் பத் என்ற மஹாலா. ரோமா மக்கள் (முன்பு ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சிறுபான்மை இனத்தார்) சேர்ந்து வாழும் குடியிருப்பை அந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். மஹாலாவுக்கென்று தனியாக ஒரு பள்ளி. அதில் படிப்பவர்கள் ரோமா பிள்ளைகள் மட்டுமே. 2000 செப்டம்பரில் ட்ரோம் என்ற உள்ளூர் ரோமா அமைப்பு, டோங்கா பனாயோட்டோவா தலைமையில், சுமார் 300 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்தின் ஆறு பொதுப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொடக்கப் பணம் ஓப்பன் சொசைட்டி அறக்கட்டளையிடமிருந்து வந்தது. பின்னர் மொந்தானா, பிளெவென், ஸ்தாரா சகோரா, ஸ்லிவென், ஹஸ்கோவோ நகரங்களிலும் இதே முறை நடந்தது. ரோமா பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட ஐரோப்பாவில் நடந்த முயற்சிகளில் கூர்ந்து படிக்க வேண்டியது இதுதான். வண்டி ஓடிய விதத்தில் பல நல்ல முடிவுகள் ஒளிந்திருக்கின்றன, சறுக்கல்களும் உண்டு.

மஹாலா பள்ளியில் என்ன குறை? கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் கைத்தொழில் பயிற்சியை முன்வைத்து நடத்தப்பட்டன. எழுத்தும் கணக்கும் பின்னுக்குப் போயின. பிள்ளைகள் ஆண்டுதோறும் தேர்ச்சி பெறுவார்கள், ஆனால் நான்காம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு ஒரு பத்தியைச் சரளமாக வாசிக்க வராது. ஏழாம் வகுப்பு முடிவில் நாடு முழுக்க நடக்கும் தேர்வின் மதிப்பெண்தான் எந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் என்று தீர்மானிக்கிறது. அங்கே அந்தச் சான்றிதழ் கைகொடுக்காது.

இனி சேவையைப் பார்ப்போம். வேலை பள்ளி திறக்கும் செப்டம்பர் 15க்கு வெகு முன்பே, வசந்த காலத்தில் தொடங்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுவது, அவர்களை நகரப் பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப்போய் வகுப்பறையையும் ஆசிரியரையும் காட்டுவது, பதிவுத் தாள்களை நிரப்ப உதவுவது. பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தாய்க்கு முதல் கேள்வி, 'அங்கே அடித்தால் யார் பார்ப்பார்கள்?' என்பதுதான். அதற்குத் துண்டறிக்கை பதில் ஆகாது. ஓர் ஆளைக் காட்ட வேண்டும்.

அந்த ஆள்தான் இந்தச் சேவையின் உயிர்நாடி. ஒவ்வொரு பேருந்திலும் ரோமா சமூகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கூடவே வருகிறார். காலையில் ஒரு பிள்ளை நிறுத்தத்துக்கு வரவில்லை என்றால் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. இடைவேளையில் நடைபாதையில் நிற்கிறார், கேலியோ கைகலப்போ நடந்தால் வகுப்பாசிரியரிடம் அன்றே பேசுகிறார். மாலையில் அவரே பெற்றோரிடமும் போகிறார். ருமேனியாவில் 1990களிலிருந்து வளர்ந்த பள்ளி மத்தியஸ்தர் வேலையும் ஏறத்தாழ இதுதான். வண்டி வாடகைக்கு மட்டும் பணம் ஒதுக்கி இந்தச் சம்பளத்தை வெட்டும் திட்டத்தில் முதல் பனிக்காலத்திலேயே இருக்கைகள் காலியாகத் தொடங்கும். செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் வண்டியின் தரத்தில் குறையுங்கள், ஆளில் கை வைக்காதீர்கள்.

கூடவே வந்தவை: மதிய உணவு, பாடநூல், மிகவும் வறிய வீடுகளுக்குக் காலணியும் உடையும். காலணி சின்ன விஷயமாகத் தோன்றலாம். விதினில் குளிர்காலம் கடுமை. பனியில் நனைந்த செருப்போடு ஒரு பிள்ளை புதுப் பள்ளிக்குப் போகாது, போனாலும் கூச்சத்தில் மறுநாள் வராது. நவம்பருக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், ஜனவரியில் கொடுத்தால் காலம் கடந்துவிட்டது.

அடுத்து, பின்தங்கிய பிள்ளையை வகுப்பின் மட்டத்துக்குக் கொண்டுவரும் கூடுதல் பாடம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். வீட்டில் ரோமானி பேசும் பிள்ளைக்கு பல்கேரிய மொழி இரண்டாம் மொழி. அதற்குத் தனிக் கவனம் தேவை என்பது உண்மை. அந்தக் கவனத்தைப் பள்ளி நேரம் முடிந்தபின், அதே கட்டடத்தில், உதவி தேவைப்படும் பல்கேரியப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுத்தால் பயன் கிடைக்கும். 'முதலில் மொழி வரட்டும்' என்று ரோமா பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு திறந்தால் மஹாலா பள்ளி அதே கூரைக்குள் வந்துவிடும். குரோவேஷியாவில் மொழியைக் காரணம் காட்டித்தான் தனி வகுப்புகள் நடந்தன. 2010 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஓர்ஷுஷ் வழக்கில் அது பாகுபாடு என்று 9க்கு 8 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பல்கேரியாவின் 2016 பள்ளிக் கல்விச் சட்டமும் இன அடிப்படையில் வகுப்பு பிரிப்பதைத் தடுக்கிறது. சட்டம் இருந்தாலும் வகுப்புப் பட்டியலை ஒருவர் செப்டம்பரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1-அ, 1-ஆ, 1-இ என்று மூன்று பிரிவு இருந்து ரோமா பெயர்களெல்லாம் 1-இயில் குவிந்திருந்தால் அன்றே தலைமையாசிரியரிடம் போக வேண்டும். அக்டோபரில் மாற்றுவது நடக்காத காரியம்.

ஆறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியது மிகச் சரியான முடிவு. எல்லாரையும் பக்கத்துப் பள்ளி ஒன்றிலேயே இறக்கியிருந்தால் வழி சுருக்கம், டீசல் மிச்சம். ஆனால் ஒரு வகுப்பில் ரோமா பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றத் தொடங்குகிறார்கள் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது. சில ஆண்டுகளில் அந்தப் பள்ளியும் இன்னொரு மஹாலா பள்ளி. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை பேர் என்று பதிவு நாளிலேயே கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தன்னந்தனியாக ஒரு வகுப்பில் விடுவதும் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று பேராவது சேர்ந்திருக்கட்டும்.

பணம் ஓடும் திசையும் முக்கியம். பல்கேரியாவில் 2008 முதல் பள்ளியின் நிதி மாணவர் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. விதின் மக்கள்தொகை சுருங்கிவரும் ஊர். நகரப் பள்ளிகளில் இடம் காலியாக இருக்கிறது, புதிதாக வரும் பிள்ளை அங்கே வரவு. மஹாலா பள்ளிக்கோ ஒவ்வொரு பிள்ளையும் போவது இழப்பு, ஆசிரியர் பணியிடங்கள் ஆட்டம் காணும். எதிர்ப்பு அங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, அந்த ஆசிரியர்களுக்கு நகரப் பள்ளிகளில் இடம் தேடித் தருவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பெரிய பலவீனம், சேவை ஆண்டுக்கு ஆண்டு நன்கொடையை நம்பி நின்றது. 2005இல் தொடங்கிய ரோமா கல்வி நிதியம் பல நகரங்களில் தோள் கொடுத்தது. ஆனாலும் அந்த ஆண்டுகளில் சொந்த ஊரில் பள்ளி இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அரசின் இலவசப் போக்குவரத்து கிடைத்தது. மஹாலாவில் பள்ளி இருக்கும்போது நகரப் பள்ளிக்குப் போன பிள்ளை அந்த விதிக்குள் வரவில்லை. பேருந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஹங்கேரியின் நியிரெஜ்ஹாசாவைப் பாருங்கள். ஹுசார்தெலெப் குடியிருப்பின் தனிப்பள்ளி 2007இல் மூடப்பட்டு, பிள்ளைகள் பேருந்தில் நகரப் பள்ளிகளுக்குப் போனார்கள். 2011இல் பேருந்து நிறுத்தப்பட்டு, கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அதே கட்டடத்தில் பள்ளியைத் திரும்பத் திறந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதைப் பிரிவினை என்றன. 2015இல் உச்ச நீதிமன்றம் திருச்சபைக்குச் சாதகமாக முடித்துவிட்டது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் பேருந்துக்கு ஒரு தனி ஒதுக்கீடு கேட்க வேண்டும், தொகை சிறியதாக இருந்தாலும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. கீழ் வகுப்புகள் முன்னதாகவே முடிகின்றன, மேல் வகுப்புகள் நேரம் கழித்து. திரும்ப ஒரே ஒரு வண்டி என்றால் ஏழு வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் காத்திருக்கும். அந்த நேரத்தை வீட்டுப்பாட அறையாக மாற்றினால் குறையே வசதியாகிவிடும். வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் நடுவில் பிள்ளையையும் கூட்டிப்போகும். திரும்பிவரும்போது பேருந்தில் இடம் காத்திருக்க வேண்டும், பெயரை நீக்கிவிடக் கூடாது.

இந்தச் சேவை எல்லா ஊருக்கும் பொருந்தாது. செக் குடியரசின் ஓஸ்த்ராவாவில் ரோமா பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு மடைமாற்றியது தூரமல்ல, திறன் சோதனை. 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில் 2007 நவம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அங்கே முதலில் மாற்ற வேண்டியது சோதனையை.

இன்னொன்று, முதல் வகுப்பில் பேருந்து ஏறுவது தாமதம். மொழி இடைவெளி அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. பல்கேரியாவில் 2014இல் தொடங்கிய ஒரு பெரிய கள ஆய்வில், மழலையர் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதே சேர்க்கையைக் கூட்டியது. அதற்கு மேல் கொடுத்த உணவுச் சீட்டு கூடுதல் பலன் தரவில்லை. 2022 ஏப்ரலில் நாடு முழுவதும் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. இனி இப்படி ஒரு வண்டி ஓட்டுபவர்கள் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் இருக்கை போடட்டும். இருக்கைப் பட்டையும், கூட இன்னொரு பெரியவரும் கட்டாயம்.